மறுமொழி: செய்மதி மண் ஈரப்பத வரைபடத்துக்கான நிதி – பணம் அனுப்புமுன்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

முதல் மழைக்கு முளைத்த நெல், அடுத்த மழை பிந்தியதால் கீழ்வயலில் கருகிக் கிடந்ததை மச்சாள் நேரில் கண்டு எழுதியதிலிருந்து எனக்கும் மனம் ஆறவில்லை. அதற்குப் பரிகாரமாக, ஒரு நிறுவனத்திடம் மண் ஈரப்பத வரைபடம் வாங்குவதற்கு எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் தம்பி ஆளுக்கு 150 பவுண் கேட்டிருக்கிறார். அவருடைய நோக்கத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் வரைபட வேலையே தொழிலாக உள்ள நான், அங்கே விற்கப்படுவது என்னவென்று சொல்லாமல் இருந்தால் அது ஊருக்குச் செய்யும் பிழை.

மண் ஈரப்பதத் தரவு இலவசமானது. நாசா 2015 ஜனவரியில் ஏவிய ஸ்மாப் என்ற செய்மதி, நிலத்திலிருந்து இயல்பாக எழும் நுண்ணலையை அளந்து, மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணில் உள்ள நீரின் அளவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தருகிறது. நாசாவின் தளத்தில் பணமின்றிப் பதிந்துகொண்டு, ‘அப்பியர்ஸ்’ சேவையில் எங்கள் பகுதியின் எல்லையையும் திகதிகளையும் கொடுத்தால் கோப்புகள் வந்துவிடும். அவற்றைத் திறக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசமே. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அதைச் செய்தேன்.

செயலாளர் அனுப்பிய மாதிரிப் படத்தில் வயலுக்கு வயல் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் பலர் சம்மதித்திருக்கிறீர்கள். நான் திறந்த தரவில் ஒரு சதுரம் 9 கிலோமீற்றர் அகலமும் 9 கிலோமீற்றர் நீளமும் கொண்டது, அதாவது ஏறக்குறைய 20,000 ஏக்கர். மென்பொருளில் நிறங்களை இழையவிடும் தெரிவை இட்டதும், சதுரங்கள் மறைந்து அந்த மாதிரிப் படம் போன்றே ஒன்று வந்தது. அந்த நிறமாற்றம் எந்த வயலிலும் அளக்கப்பட்டதன்று. கருவியின் உண்மையான பார்வை அகலமோ 40 கிலோமீற்றருக்குக் கிட்ட. இரணைமடுக் குளமும் கிளிநொச்சி நகரும் ஆனையிறவுக் கடல்நீரேரியும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். நீர்ப்பரப்பு கலந்தால் காய்ந்த மண்ணும் ஈரமாகத் தோன்றும் என்பதால், எண் நம்பத்தக்கதா என்று தரவோடு வரும் தரக்குறியீட்டைப் பார்க்காமல் எங்கள் பக்கத்து எண் எதையும் நம்பக்கூடாது.

ஐரோப்பிய செய்மதியான சென்ரினல்-1 இன்னும் நுணுக்கமானது. ராடார் படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றர். விதைப்புக்கு முன் நிலம் வெறுமையாகக் கிடக்கும்போது அது பயன்படும். ஆயினும் உழுது கட்டி புரண்ட காணியும் ஈரமான காணியைப் போலவே வெளிச்சமாகத் தெரியும்; பயிர் எழுந்தபின் கணிப்பு மேலும் குழம்பும். எந்த நாளில் யார் உழுதார் என்று ஊரிலிருந்து ஒருவர் எழுதி அனுப்பாமல் அந்தப் படத்தை வாசிக்க முடியாது.

ஐயா விதைப்புக்கு முன் மண்வெட்டியால் ஒரு முழம் வெட்டி, அடிமண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்; உருண்டை உடையாமல் நின்றால்தான் விதைமூட்டையை அவிழ்ப்பார். செய்மதி காண்பது அந்த முழத்தின் மேல்தோலை மட்டுமே. வேர் ஆழத்துக்கென வெளியிடப்படும் எண், அந்த அளவீட்டோடு மழை, வெப்பத் தரவுகளையும் சேர்த்துக் கணினி மாதிரியால் கணிக்கப்பட்டது.

அயலூர்ச் சங்கம் வாங்கிவிட்டது, நாங்கள் பின்னால் நிற்கலாமா என்று ரொறன்ரோ அண்ணை கேட்டிருந்தார். அண்ணை, எங்கள் மானம் அந்த வயல் முளைப்பதில் இருக்கிறது. முன்பு குழாய்க்கிணற்று மோட்டாருக்குச் சேர்த்த பணத்தின் கணக்கு இன்னும் முழுமையாக வராத நிலையில், இலவசமாகக் கிடைப்பதற்கு இன்னொரு தொகை சேர்ப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

2015 முதல் இன்றுவரை ஒவ்வொரு புரட்டாதி, ஐப்பசிக்கும் எங்கள் பகுதியின் ஈரப்பதத்தை நான் இலவசமாக வரைந்து தருகிறேன். எந்த ஆண்டு மண் பிந்தி நனைந்தது என்பதை அது காட்டும். கமக்காரர் அமைப்பு விதைப்புத் திகதியைப் பேசும்போது அதை மேசையில் வைக்கலாம். சேர்க்க விரும்பும் பணத்தை இரண்டு மழைமானிகளுக்கும், கீழ்வாய்க்காலைத் துப்புரவாக்கவும், துருசு (மதகு) திருத்தவும் கொடுப்போம். மச்சாள், கருகிய காணிகளின் இருப்பிடக் குறிகள் உங்கள் கைப்பேசிப் படங்களில் இருந்தால், அவற்றைச் சுருக்காமல் எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஒஸ்லோவிலிருந்து, குளத்தடி வீட்டு இளையவன்