ஆட்டோகேட் பீஎடிட்ல கோடு ஒட்ட மாட்டேங்குது, ஃபஸ் குடுக்கலாமா கூடாதா?

உம்லாஸ்_தம்பி:
டர்பன்ல ஒரு சின்ன டிராஃப்டிங் ஆபீஸ்ல இருக்கேன், வெருலம் பக்கம் ஒரு எர்ஃப் (மனை), சர்வேயர் குடுத்த ஃபைல ஆட்டோகேட்ல (டிராயிங் போடுற சாஃப்ட்வேர்) தொறந்து எல்லைக் கோட்ட எல்லாம் ஒரே பாலிலைனா (விடாம தொடர்ற ஒரே கோடா) ஆக்கணும், ஏரியா எடுக்க, ஹேட்ச் போட (உள்பக்கத்த கோடு போட்டு நெரப்ப). பீஎடிட் (பாலிலைன திருத்துற கமாண்ட்) குடுத்து ஜாயின் அடிச்சா "0 செக்மெண்ட்ஸ் ஆடட்"னு வருது. எவ்ளோ ஜூம் பண்ணாலும் முனை ரெண்டும் ஒன்னாத்தான் இருக்கு, லேயர் லாக் ஆகல, பிளாக்கும் (ஒன்னாக் கட்டி வச்ச தொகுப்பு) இல்ல. நாளைக்கு காலைல குடுக்கணும், யாராச்சும் சொல்லுங்க.

பிளாஸ்மா_அண்ணாச்சி:
இதுக்கா தம்பி இவ்ளோ டென்ஷன். பீஎடிட், எம் (மல்டிபிள்) குடு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணு, பாலிலைனா மாத்தவான்னு கேட்டா எஸ், அப்புறம் ஜே (ஜாயின்), ஃபஸ் டிஸ்டன்ஸ் (எவ்ளோ இடைவெளி வரைக்கும் ஒட்டலாம்னு) கேக்கும், 5 போடு, சோலி முடிஞ்சுது. ஜேக்கப்ஸ்ல எங்க கட்டிங் ஷாப்புக்கு வர்ற டிராயிங் பூரா இப்படித்தான் ஓட்டையும் உடைசலுமா வரும், லூப் மூடலேன்னா மெஷின் வெட்டாது, நான் ஃபஸ் போட்டு போட்டுத்தான் காலத்த ஓட்டுறேன்.

லோ31:
அண்ணாச்சி, அந்த 5 எந்த யூனிட்டு? உங்க டிராயிங் மில்லிமீட்டர். தம்பியோடது சர்வே டிராயிங், இங்க மீட்டர்லதான் வரும், அதுல 5 போட்டா 5 மீட்டர். அந்த தூரத்துக்குள்ள எந்த முனை கெடச்சாலும் இழுத்து ஒட்டிரும், கேட் பக்கத்து சின்னச் சின்ன கோடெல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது.

பிளாஸ்மா_அண்ணாச்சி:
சரி 0.05 போடட்டும். அதுக்கென்ன.

லோ31:
அதுவும் கூடாதுங்கறேன். ஃபஸ் இடைவெளிய சும்மா மறைக்கிற வேலை இல்ல, ஜாயின் டைப் எக்ஸ்டெண்ட்ல இருந்தா முனையவே நகத்தி ஒட்டும், ஆட்ல இருந்தா நடுவுல புதுசா ஒரு குட்டிக் கோடு போடும். இது மனை எல்லை. ரெண்டு பக்கத்து மூலைக்கும் நடுவுல 30 மீட்டர்னு வைங்க, இந்த மூலை 50 மில்லிமீட்டர் நேர் குறுக்கா நகந்தா ஏரியா முக்கால் சதுர மீட்டர் மாறும், அப்புறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சர்வேயர்-ஜெனரல் ஆபீஸ்ல அப்ரூவ் ஆன டயக்ராம்ல ஒரு ஏரியா, தம்பி பிளான்ல வேற ஏரியா. யாரு பதில் சொல்றது?
தம்பி, முதல்ல டிஸ்ட் கமாண்ட் குடுத்து ஒட்டாத ரெண்டு முனையையும் புடிச்சு டெல்டா இசட் (உயர வித்தியாசம்) என்னன்னு பாரு.

பிளாஸ்மா_அண்ணாச்சி:
இசட்டெல்லாம் இல்லய்யா, இந்த ஊரு கோஆர்டினேட் நம்பர் பெருசு, லோ31ல (இங்க சர்வேக்கு வைக்கிற கோஆர்டினேட் முறை) எக்ஸ் 32 லட்சத்துக்கு மேல வரும், அதான் கேட் தடுமாறுது. மொத்தத்தையும் ஜீரோ கிட்ட கொண்டு வந்து பாக்கச் சொல்லு.

லோ31:
ஹேட்ச் சொதப்புறதுக்கு அது காரணமா இருக்கலாம், ஒத்துக்கறேன். ஜாயினுக்கு இல்ல. ஆட்டோகேட் 15 இலக்கத்துக்கு மேல வச்சிருக்கு, முன்னாடி 7 போனாலும் புள்ளிக்குப் பின்னாடி 8 இருக்கு. அதுவும் இல்லாம சர்வே டிராயிங்க இடம் மாத்திட்டு திரும்ப வைக்க மறந்தா அது தனிக்கதை.

உம்லாஸ்_தம்பி:
டிஸ்ட் பாத்தேன் அண்ணே. டெல்டா எக்ஸ் 0, டெல்டா ஒய் 0, டெல்டா இசட் 11.42!! நாலு கோட்டுல இப்படி இருக்கு, மத்தது எல்லாம் 0.

லோ31:
அவ்ளோதான். யாரோ ஸ்பாட் ஹைட் (தரை உயரம் குறிச்ச) புள்ளில ஸ்னாப் பண்ணி (அதையே முனையாப் புடிச்சு) கோடு போட்டிருக்காங்க, உயரமும் கூடவே வந்திருச்சு. மேல இருந்து பாத்தா ஒன்னாத் தெரியும், உள்ள ஒன்னு தரையில ஒன்னு மாடியில. இதுல ஃபஸ் போட்டாலும் பெரும்பாலும் ஒட்டாது. ஃபைல ஒரு காப்பி எடுத்துக்க, எல்லைக் கோட்ட மட்டும் செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்டார்ட் இசட், எண்ட் இசட் ரெண்டையும் 0 ஆக்கு. ஒன்னு மேல ஒன்னு கோடு கெடந்தா ஓவர்கில் போடு, அதுல டாலரன்ஸ் 0. இனிமே ஓஸ்னாப்இசட் 1 வச்சுக்க, ஸ்னாப் பண்ணாலும் உயரம் ஒட்டிக்காது.

பிளாஸ்மா_அண்ணாச்சி:
ஒவ்வொன்னா ப்ராப்பர்ட்டீஸா? மூவ் குடுத்து இசட்ல 1இ99 (1 பக்கத்துல 99 சைபர்) ஏத்தி அதே அளவு எறக்கினா எல்லாம் ஜீரோ ஆயிரும், பழைய வித்தை.

லோ31:
வேலை செய்யும், இல்லேங்கல. ஆனா ஆல் குடுத்து செஞ்சா காண்டூர் (சம உயரக் கோடு) உயரமும் சேந்து போயிரும், அதுக்குத்தான சர்வேக்கு காசு குடுத்தாங்க.

உம்லாஸ்_தம்பி:
ஒட்டிருச்சு! ஒரே ஒரு மூலை மட்டும் 0.004 நெஜமாவே இடைவெளி இருக்கு.

பிளாஸ்மா_அண்ணாச்சி:
இப்பவாச்சும் ஃபஸ் போடுய்யா!! 4 மில்லிமீட்டருக்கெல்லாம் பஞ்சாயத்தா.

லோ31:
4 மில்லிமீட்டர்ல ஏரியா ஒன்னும் கெட்டுப் போகாது, உண்மைதான். ஆனா எந்தக் கோட்டு முனை சரின்னு ஆட்டோகேட்டுக்குத் தெரியாது. சர்வேயர்கிட்ட பீக்கன் (மனை மூலைக் குறி) லிஸ்ட் கேளு, ஒரு போன்தான.

உம்லாஸ்_தம்பி:
கேட்டேன், அனுப்பிட்டாரு. அந்தக் கோட்ட மட்டும் அழிச்சிட்டு லிஸ்ட்ல இருக்கிற நம்பர வச்சு திரும்ப போடுறேன்.

லோ31:
லிஸ்ட்ல ஒய் முன்னாடி, எக்ஸ் பின்னாடி, ஒய் மேற்கு பிளஸ், எக்ஸ் தெற்கு பிளஸ். ரெண்டுக்கும் குறிய மாத்தி அதே வரிசைல டைப் பண்ணு, இல்லேன்னா மனை எங்கயோ போய் நிக்கும்.