ராத்திரி தூக்கம் வராமல் தவிப்பவர்கள் எழுதுங்கள் (கடலூர், புதுச்சேரி)

மஞ்சக்குப்பம் டீச்சர்:

விளக்கை அணைத்ததும் தூங்கிப்போகிறவர்கள் வரம் வாங்கி வந்தவர்கள். எங்கள் வீட்டில் என் கணவர் அப்படி. அவருக்கு ஆபரேஷன் நடந்த சமயம், மாத்திரை கொடுக்க, தண்ணீர் கொடுக்க என்று ராத்திரியெல்லாம் நான்தான் விழித்திருந்தேன். அவர் தேறி வேலைக்கும் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் திரும்பி வரவில்லை. ஒன்பதரைக்கே படுத்து, ஒரு மணி ஒன்றரை மணி வரை புரண்டுகொண்டிருப்பேன். ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது சொக்குகிற கண், தலையணையில் தலை பட்டதும் பளிச்சென்று திறந்துகொள்ளும்.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது இப்படி ஆகி, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், நாள்பட்ட தூக்கமின்மை என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நான் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அந்தப் பலகையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் தயவுசெய்து தயங்க வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும் தூக்கத்துக்காகத்தான் வந்திருந்தார்.

அங்கே டாக்டர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு வழி காட்டியது. தூக்கத்தைக் கெடுத்த காரணம் வேறு, கெட்ட தூக்கத்தை அப்படியே நீடிக்க வைக்கிற காரணம் வேறு. ஆபரேஷன் கவலை எப்போதோ போய்விட்டது. ஆனால் தூக்கம் வராமல் மணிக்கணக்காகக் கட்டிலில் கிடந்ததில், கட்டில் என்றாலே விழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிவிட்டது. இந்தப் பழக்கத்தை மாத்திரை மாற்றாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும் என்றார்.

முதலில் இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார். எப்போது படுத்தேன், உத்தேசமாக எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன், அவ்வளவுதான். கூட்டிச் சராசரி பார்த்தால் ஒரு ராத்திரிக்குக் கட்டிலில் கிடந்தது எட்டு மணி நேரம், தூங்கியது ஐந்தரை. சரி, இனிமேல் கட்டிலில் இருப்பதே ஐந்தரை மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டார். ராத்திரி 12-க்குப் படுக்கை, காலை 5.30-க்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அதே கணக்கு. படுத்து ஒரு 20 நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். கண் சொக்கினால்தான் திரும்ப உள்ளே வரலாம். மணி பார்க்கக்கூடாது என்றதால் படுக்கையறைக் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் மாட்டிவிட்டேன்.

எழுந்து வந்து என்ன செய்வது? போன், டிவி இரண்டும் ஆகாது. நான் முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கொத்தின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் இலையை உருவி, பழுப்பைத் தள்ளி, காம்பை ஓரமாகப் போட்டு... கைக்கு வேலை இருக்கும், மனதுக்கு இருக்காது. கட்டு முடிவதற்குள் கொட்டாவி வந்துவிடும். கீரை இல்லாவிட்டால் உளுந்தில் கல் பொறுக்குவேன்.

முதல் இரண்டு வாரம் கொடுமையாகத்தான் இருந்தது. மத்தியான வகுப்பில் நின்றபடியே கண் செருகும். ஆனால் வைத்தியமே அதுதான். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்களே, அந்தத் தூக்கப் பசியை ஏற்றிவிடுவதுதான் இதன் சூட்சுமம். படுத்ததும் தூங்குவது வாடிக்கையான பிறகு, கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். இப்போது பத்தே முக்காலுக்குப் படுக்கிறேன், 5.30-க்கு எழுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. வண்டி ஓட்டுவதைத் தொழிலாக வைத்திருப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த நேரக் குறைப்பைத் தாங்களாகச் செய்யக்கூடாது. டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.


சிப்காட் ஷிப்ட்:

வணக்கம் டீச்சர். நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், தூக்கம் மட்டும் வராது. முகத்தில் படுகிற காலை வெளிச்சம்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு 'விடிந்துவிட்டது' என்று சொல்கிறதாம். அதனால் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். பைக்கில் வருகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம், கண் சொக்கிவிட்டால் ஆபத்து.

எங்களுடையது குடிகாட்டில் ஷீட் போட்ட வீடு. சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கே மேலிருந்து அனல் இறங்கும். ஷீட் மேல் தென்னங்கீற்று பரப்பினோம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தோம். தெருவில் கூவி வரும் மீன்கார அம்மாவிடம் என் மனைவி சொல்லி வைத்திருக்கிறாள். நைட் ஷிப்ட் வாரத்தில் எங்கள் வாசலைக் கடக்கும்போது அவர் குரல் கொடுப்பதில்லை. அந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

டீ விஷயமும் முக்கியம். டீ, காபியில் இருக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 5 மணிக்குக் குடித்தால் பத்து மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும். ராத்திரி 2 மணியோடு நிறுத்தினேன், வித்தியாசம் தெரிந்தது.

இன்னொன்று. ஷிப்டை மாற்றும்போது காலை, மாலை, ராத்திரி என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு தாங்கும், பின்னோக்கி மாற்றினால் திணறும். நம் உடம்புக் கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதுதான் காரணம். எங்கள் யூனிட்டில் அப்படி மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் கம்பெனியிலும் கேளுங்கள். செலவில்லாத விஷயம்தானே.


குருசுக்குப்பம் பேத்தி:

எங்கள் ஆயாவின் கதை கொஞ்சம் புதுச்சேரிக் கதை. மாமா குடும்பம் பாரீசில் இருக்கிறது. வேலை முடித்து, சாப்பிட்டுவிட்டு மாமா போன் செய்யும்போது அங்கே இரவு எட்டு மணி. கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அதனால் இங்கே பதினொன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அதே போன் இங்கே பன்னிரண்டரைக்கு வரும். ஆயா அதுவரை உட்கார்ந்தே இருப்பார். பேசி முடித்தபின் பேரன் முகம் கண்ணிலேயே நிற்கும், எங்கே தூங்குவது? இரண்டு மணி மூன்று மணி ஆகிவிடும். அதை ஈடுகட்ட மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்குவார், ராத்திரிக்கு மறுபடி தூக்கம் இருக்காது.

மாமாவிடம் பேசினோம். இப்போது அவர் வேலைக்குக் கிளம்புமுன் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறார், இங்கே குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆயா குளித்து, தலை வாரிக்கொண்டு தெளிவாகப் பேசுகிறார். மத்தியானத் தூக்கத்தை அரை மணி நேரமாகக் குறைத்தோம். காலையில் நான் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போகிறேன். ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், வயதானவர்கள் பயமில்லாமல் நடக்கலாம். காலை வெயில் கண்ணில் பட்டால் ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும் என்று ஒரு டாக்டர் சொன்னது எங்கள் வீட்டில் பலித்தது. அந்த ஒரு போன் நேரத்தை மாற்றியது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.


பாகூர்:

எனக்கு வேறு பிரச்சினை. தூக்கம் வரவில்லை என்று சொன்னதும் தெரிந்த மெடிக்கலில் அல்பிரசோலம் 0.25 மி.கி. மாத்திரை கொடுத்தார்கள். முதலில் நன்றாக வேலை செய்தது. இப்போது ஒன்று போட்டால் போதவில்லை, ஒருநாள் விட்டால் கை நடுங்குகிறது. நிறுத்திவிடலாமா?


லாஸ்பேட்டை சிஸ்டர்:

தம்பி, சட்டென்று நிறுத்தாதீர்கள். ஓய்வுபெற்ற நர்ஸாகச் சொல்கிறேன். இந்த வகை மாத்திரையைத் திடீரென விட்டால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டரிடம் போனால் அளவைப் படிப்படியாகக் குறைத்து விடுவிப்பார்கள், கண்டிப்பாக விடுபடலாம். அல்பிரசோலம் எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. யாருக்குக் கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வயதானவர்கள் இதைப் போட்டுக்கொண்டு ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்ததை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் சொன்ன முறைக்குச் சிபிடி-ஐ என்று பெயர், அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை. தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழும் முறையை 1972-ல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தார், படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறையை 1987-ல் ஆர்தர் ஸ்பீல்மேன் குழு வெளியிட்டது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக, மாத்திரைக்கும் முன்னால், இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பான ஏசிபி 2016-ல் பரிந்துரைத்தது.

நம் ஊரில் இதையும் சொல்லியாக வேண்டும். தூக்கத்துக்காகக் குடிக்காதீர்கள். குடித்தால் சீக்கிரம் கண் அயரும், ஆனால் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும், குறட்டையும் மூச்சுத் திணறலும் கூடும். பாலில் ஜாதிக்காய் போடுகிறவர்கள் சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள், அதிகமானால் மனக்குழப்பமும் படபடப்பும் வரும்.

பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதும் இருந்தால் அது வேறு நோய், தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பாருங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து தூக்கம் கலைகிற பெண்கள் அதை வெளியே சொல்லாமல் சகித்துக்கொள்கிறார்கள். சொல்லுங்கம்மா, அதற்கும் சிகிச்சை இருக்கிறது.


பண்ருட்டி:

கடன் கவலையில் தூக்கம் போனவன் நான். சாயங்காலம் ஏழு மணிக்கே ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, நாளைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி மூடிவிடுகிறேன். ராத்திரி அது மனதில் வந்தால் 'நோட்டில் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்வேன். கடன் குறையவில்லை, தூக்கம் வருகிறது.


நாணமேடு:

என் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை எங்கள் பக்கம் ஏறி வந்தது. 2015 வெள்ளத்தையும் பார்த்தவர் அம்மா. அதற்கப்புறம் ராத்திரி தூறல் விழுந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். கையில் டார்ச்சோடு வாசலுக்குப் போய் மண்ணைப் பார்ப்பார், திரும்ப வருவார், மறுபடி போவார். ஐப்பசி, கார்த்திகை முழுக்க இப்படியே. 'ஒன்றும் ஆகாது, தூங்கும்மா' என்று நாங்கள் சொன்னதெல்லாம் அவர் காதிலேயே ஏறவில்லை. ஒன்று ஆனதைக் கண்ணால் பார்த்தவரிடம் அப்படிச் சொன்னால் எப்படி நம்புவார்?

அப்புறம்தான் புரிந்தது, அம்மா காவல் காக்கிறார். காவலை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால்தான் அவர் படுப்பார். மழை நாளில் நானும் தம்பியும் முறை போட்டுக்கொண்டோம். 2 மணி வரை நான், அதற்கப்புறம் அவன். ரேஷன் கார்டு, பத்திரம், தம்பியின் சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பரண் மேல் ஏற்றினோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ அம்மா போனில் முதல் எண்ணாகப் பதிந்து கொடுத்தேன். முதல் நாள் அரைகுறையாகத்தான் தூங்கினார். இரண்டு மணிக்கு எழுந்து வந்து தம்பி விழித்திருக்கிறானா என்று பார்த்தார். இருந்தான். போய்ப் படுத்துவிட்டார்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்கும் கூப்பிட்டுப் பேச வைத்தோம். இலவசம், எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு இப்படிப் பயம் தங்கிவிடுவது பலருக்கும் நடப்பது என்று அவர்கள் சொன்னது அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். உச்சிமேடு, சுபாஉப்பலவாடி பக்கத்திலும் இப்படி விழித்திருக்கும் அம்மாக்கள் இருப்பார்கள். பிள்ளைகள் முறை எடுத்துக்கொள்ளுங்கள்.


மஞ்சக்குப்பம் டீச்சர்:

நாணமேடு தம்பி, நீங்கள் செய்ததை எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பாகூர் தம்பிக்கு: ஜிப்மரில் ஓபி பதிவு காலையிலேயே, சீக்கிரம் போய்விடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை நாளாக எவ்வளவு போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் இன்று ராத்திரியிலிருந்தே படுத்த நேரம், எழுந்த நேரத்தை நோட்டில் குறிக்க ஆரம்பியுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள். மாத்திரை குறைகிறவரை பைக் ஓட்ட வேண்டாம், யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே போய் வாருங்கள்.