மன்னித்தால் பாகப்பிரிவினை வழக்கை வாபஸ் வாங்கணுமா?

பெரம்பூர் சகோதரி:
வீட்டுப் பங்கில் ஏமாற்றிய அண்ணனை மன்னிக்கணும். ஜெபித்தும் கசப்பு திரும்பத் திரும்ப வருது. வழக்கை வாபஸ் வாங்கணுமா? இந்த ஞாயிறு சபையில் திருவிருந்து (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிர்வது) எடுக்கலாமா?

அண்ணாநகர் போதகர்:
சிஸ்டர், முதலில் அண்ணன் உங்களுக்குச் செய்ததை ஒரு கடன் மாதிரி அளந்து எழுதுங்க: எத்தனை ரூபாய், என்ன பேச்சு, எந்தத் தேதி. மத்தேயு 18-ல் இயேசு சொன்ன உவமையில், ராஜா தள்ளுபடி செய்த பெரிய கடனைப் பெற்ற ஊழியக்காரனுக்கு உடன்வேலைக்காரன் கடன்பட்டது 100 வெள்ளிப்பணம். ஒன்று ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2), ஆக 3 மாதக் கூலிக்கும் மேல். இயேசு அதை அற்பம்னு தள்ளல. பக்கத்தில் ராஜா மன்னித்த 10,000 தாலந்தை (அடைக்கவே முடியாத பெருந்தொகை) வைத்தார். பொத்தாம்பொதுவா "எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்"னு சொன்னால், சொல்லாமல் விட்டது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். கசப்பு வரும்போதெல்லாம் நீங்க எழுதின அந்த வரியைச் சொல்லி மறுபடி மன்னிச்சு விடுங்க. முதல் தடவை மன்னித்தது பொய்யாகிடாது.

ராயபுரம் அண்ணன்:
மத்தேயு 18:15 "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது. பலர் நேரே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுறாங்க, அங்கேதான் கெடுது. தனியாகப் பேசியும் அவர் கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போங்க. வழக்கு வேறு விஷயம்மா. பழிவாங்கும் எண்ணத்தை விட்டபிறகும் பங்கைக் கேட்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் இருக்கு, வக்கீலிடம் கேளுங்க.

பெரம்பூர் சகோதரி:
என் அண்ணன் பேசவே மறுத்தால்?

அண்ணாநகர் போதகர்:
ரோமர் 12:18, "உங்களாலானமட்டும்" சமாதானமா இருக்கச் சொல்லுது. உங்களால் முடிந்ததைச் செய்துட்டு திருவிருந்துக்கு வாங்க சிஸ்டர். மன்னிக்க ஒருத்தர் போதும், ஒப்புரவாகத்தான் (மறுபடி உறவு சேரத்தான்) இரண்டு பேர் வேணும்.