ஆண்டுவிழாச் சின்னமும் தமிழெழுத்தும்: உங்கள் அனுபவம் என்ன?

வடிவமைப்பாளர், தெம்பனிஸ்:

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்பு ஒன்றின் ஐம்பதாம் ஆண்டுச் சின்னத்தை வரைந்தேன். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன், தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம், யாழ், குத்துவிளக்கு அனைத்தும் வேண்டும் என்றார்கள் குழுவினர். ஆசை புரிந்தது. ஆனால் அதே சின்னம் மேடைத் திரையிலும் சட்டைப் பையின் நூல்வேலையிலும் நிற்க வேண்டுமே! 2015இல் நாட்டின் பொன்விழாவுக்கு வந்த எஸ்ஜி50 சின்னத்தைக் காட்டினேன். ஒரு சிவப்பு வட்டம், உள்ளே எழுத்து. ‘சிறு சிவப்புப் புள்ளி’ என்று பெயரெடுத்த தீவுக்கு வேறென்ன வேண்டும்? குழு இறங்கிவந்தது, விளக்கு மட்டும் நின்றது.

நான் மன்றாடியது தமிழ்ப் பெயருக்காக. ஆங்கிலத்தை முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் தமிழைச் செருகுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நம் எழுத்து அப்படி அடங்காது. மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரக் கீற்றும் இடம் கேட்கும். சிறிதாக்கினால் முதலில் மறைவது புள்ளிதான். நூலில் தைத்தால் எழுத்தோடு அப்பிக்கொள்ளும். ஆகவே தமிழை முதலில் தூரிகையால் எழுதி, அதன் தடிமனுக்கு ஏற்ற ஆங்கில எழுத்தைப் பிறகு தேர்ந்தேன்.

தமிழாசிரியை, உட்லண்ட்ஸ்:

எங்கள் பள்ளி ஆண்டுவிழாப் பதாகையில் ஒற்றைக்கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. பெற்றோர் அதன்முன் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தமிழெழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் கோப்பைத் திறந்ததால் வந்த வினை. இப்போது தமிழ்ப் பகுதியை, எந்த மென்பொருளில் திறந்தாலும் குலையாதபடி, எழுத்தாக அல்லாமல் கோட்டு வடிவமாக மாற்றித்தான் அனுப்புகிறோம். தமிழ் தெரிந்த ஒருவர் மாதிரித் தாளில் கையொப்பமிடாமல் அச்சு ஓடாது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றுக்கு இவ்வளவுகூடச் செய்யக்கூடாதா?

சங்கச் செயலாளர், தேக்கா:

எங்கள் எழுபத்தைந்தாம் ஆண்டுக்குப் புது எழுத்தைத் தேடவில்லை. பழைய ரசீதுப் புத்தக அட்டையில் சங்கத்தின் பெயர் கையால் வரையப்பட்டிருந்தது. அதிலிருந்த ‘லை’, யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய வடிவம். 1978இல் தமிழ்நாட்டு அரசாணை மாற்றியவற்றில் ஒன்று. மூத்தவர்கள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். இளையர்களோ படிக்கத் தடுமாறினார்கள். அதனால் சின்னத்தில் புது ‘லை’, கண்காட்சிச் சுவரில் பழையது. இப்படி அட்டை எதுவும் கிடைக்காதவர்கள் தேசிய நூலகத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய விளம்பரங்களைப் புரட்டலாம்.

தெம்பனிஸ் நண்பரே, எந்த அளவுக்குக் கீழே போனால் புள்ளி நூலில் நிற்கவில்லை? நாங்களும் சட்டை தைக்கக் கொடுக்க இருக்கிறோம்.