எபெரானில் சையர் அழிந்த காரணத்தை டிஎம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டுமா?

புதுடிஎம்:
வணக்கம். இதுவரை டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துபவராக) ஒன்-ஷாட், அதாவது ஒரே செஷனில் முடியும் கதை, மட்டும்தான் நடத்தியிருக்கிறேன். இப்போதுதான் முதல்முறையாக நீளமான கேம்பெய்ன், பல செஷன் தொடரும் கதை. டி அண்ட் டி (பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு) 5-ஆம் பதிப்பு, எபெரான் என்ற கற்பனை உலகம், 2019-இல் வந்த புத்தகம். ஷார்ன் நகரத்தில் ஆரம்பித்து மோர்ன்லேண்ட் (அழிந்துபோன சையர் நாடு இருந்த இடம்) வரை கொண்டுபோக ஆசை.

புத்தகத்தை எத்தனை புரட்டினாலும் சையர் ஏன் அழிந்தது என்று எங்கும் இல்லை. அந்த உலகத்தின் ஆண்டுக்கணக்கில் 994-இல் ஒரே நாளில் ஒரு நாடு முழுவதும் போய்விட்டது, எல்லையில் சாம்பல் நிற மூடுபனி சுவர் மாதிரி நிற்கிறது, அவ்வளவுதான். வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் நடத்தப்போகிற நான் என்ன செய்வது? இப்போதே ஒரு விடையை எழுதி வைத்துக்கொள்ளவா?

இதில் இன்னொரு தலைவலி. ஒரு ஆட்டக்காரர் வார்ஃபோர்ஜ்ட் (போருக்காகச் செய்யப்பட்ட, உயிருள்ள இயந்திர வீரர்) பாத்திரம் எடுத்திருக்கிறார். சையர் படையில் இருந்தேன், சையர் அழிந்த அந்தத் துக்க நாளில் தப்பித்தேன் என்று பின்கதையும் எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் செஷனிலேயே "நான் அன்று என்ன பார்த்தேன்?" என்று கேட்கத்தான் போகிறார்.

கோபுரவாசி:
முடிவு செய்துவிடுங்கள். விடை தெரியாமல் துப்பு வைக்க முடியாது. ஹவுஸ் கேனித் (வார்ஃபோர்ஜ்டுகளைச் செய்த குலம்) செய்த ஆயுதச் சோதனை தப்பாகப் போனது என்று வைத்தால் எல்லாம் பொருந்தும். துக்க நாளில் அவர்களுடைய தலைவர் ஸ்டாரினே சையரில் செத்துப்போனார் அல்லவா. அதிலிருந்து பின்னோக்கித் துப்புகளைப் போட்டுக்கொண்டே வாருங்கள்.

இருபதுமுகம்:
கோபுரவாசி சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லப்போகிறேன். டி அண்ட் டி 3.5 பதிப்புக் காலத்திலிருந்து இந்த உலகத்தில்தான் குடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மர்மம் இந்த உலகத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 894-இல் கலிஃபார் ராஜ்யத்தின் ஜாரட் மன்னர் இறந்ததும் வாரிசுகளுக்குள் அடிதடி. நூறு வருடத்துக்கு மேல் போர். 994-இல் சையர் போகிறது, 996-இல் த்ரோன்ஹோல்ட் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. இடையில் யாராவது ஜெயித்தார்களா? இல்லை. யாருக்காவது மனம் திருந்தியதா? அதுவும் இல்லை. பயந்துபோய் நிறுத்தினார்கள். யார் செய்தது, மறுபடி நடக்குமா, அடுத்தது நம் நாடா, ஒருவருக்கும் தெரியாது. கோர்வேர் கண்டத்தில் சமாதானம் நிற்பதே இந்தப் பயத்தின் மேல்தான்.

இப்போது ஆண்டேர் நாட்டு ராணி ஆராலாவை எடுத்துக்கொள்ளுங்கள். முழு கலிஃபாருக்கும் தான்தான் அரசி ஆகவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இன்னும் போகவில்லை. அவரிடம் ஒருவர் வந்து "அது வெறும் விபத்து, இனி நடக்காது" என்று ஆதாரத்தோடு சொன்னால் படை கிளம்ப எத்தனை நாள் ஆகும்? "அது ஆயுதம், செய்முறை இதோ" என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, உங்கள் ஆட்டக்காரர்கள் தேடிப்போகிற விடையே ஒரு வெடிகுண்டு. அதை யார் கையில் கொடுக்கப்போகிறார்கள் என்பதில்தான் கேம்பெய்ன் இருக்கிறது. உள்ளே என்ன மருந்து என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் காரணத்தை எழுதாதீர்கள், ஆட்களை எழுதுங்கள். மூன்று பேர் போதும். ஒவ்வொருவரும் எதை நம்புகிறார், அதை நிரூபிக்க என்ன தருவார், நிரூபணமானால் என்ன செய்வார். நான் எடுப்பது இவர்களை:

மெரிக்ஸ் டி'கேனித். ஷார்னிலேயே இருக்கிறார், கைக்கு வசதி. ஸ்டாரின் செத்த பிறகு கேனித் மூன்றாக உடைந்து கிடக்கிறது. ஃபேர்ஹேவனில் ஜோர்லானா, கோர்த்தில் ஸோர்லன், ஷார்னில் இவர். காரணம் கேனித்தின் பட்டறையில்தான் என்று தெரியவந்தால் மூவரில் யார் தலையில் அது விழும் என்பதுதான் இவர் கவலை. ஒப்பந்தப்படி எல்லா கிரியேஷன் ஃபோர்ஜையும் (வார்ஃபோர்ஜ்ட் செய்யும் உலை) அழித்திருக்க வேண்டும். இவர் ரகசியமாக ஒன்று வைத்திருக்கிறார். உங்கள் வார்ஃபோர்ஜ்ட் ஆட்டக்காரருக்கு இதைவிட நல்ல தூண்டில் கிடைக்காது.

சையர் இளவரசர் ஓர்கெவ். அண்டை நாடான பிரெலாண்டில் நியூ சையர் என்ற அகதிக் குடியிருப்பை நடத்துகிறார். ஒரு குற்றவாளி கிடைத்தால் போதும், எந்த நாடாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற மனநிலை. (அப்படி ஆடுவது என் விருப்பம். நீங்கள் அவரை நல்லவராகவும் ஆக்கலாம்.)

லார்ட் ஆஃப் பிளேட்ஸ். மோர்ன்லேண்டுக்குள் வார்ஃபோர்ஜ்ட் கூட்டம் சேர்ப்பவர். அந்த மண் யாருக்கும் வேண்டாததாக இருக்கும்வரை அவருக்கு லாபம். விடையே வெளியில் வரக் கூடாது.

கார்நாத்தின் கையஸ் மன்னரையும் சேர்க்கலாம். அவரைப் பற்றி இங்கே வாய் திறக்கமாட்டேன், ஆட்டக்காரர்கள் யாராவது படித்துத் தொலைப்பார்கள்.

அப்புறம் மோர்ன்லேண்ட். அங்கே பேய் பிசாசைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை. பிணங்கள் அழுகுவதில்லை என்ற ஒன்றை வைத்தே ஒரு செஷன் ஓட்டலாம். சாலையோரம் ஒரு வண்டி. ஓட்டுபவன் கடிவாளத்தைப் பிடித்தபடி சாய்ந்திருக்கிறான். நான்கு வருடமாகிறது, கன்னத்தில் முந்தின நாள் சவரம் செய்த கீறல் அப்படியே இருக்கிறது. பின்னால் ஒரு பெண் ரொட்டியைப் பிட்டு யாருக்கோ நீட்டியபடி. நீட்டிய திசையில் ஆள் இல்லை, காலணி மட்டும். இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பவர்களே ஆளுக்கொரு காரணம் சொல்ல ஆரம்பிப்பார்கள். உங்கள் தலையில் இருப்பதைவிட அதில் ஒன்று நன்றாகவே இருக்கும்.

விதியில் ஒன்றை மட்டும் 3.5-இலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மோர்ன்லேண்டுக்குள் காயம் தானாக ஆறாது, குணப்படுத்தும் மந்திரமும் பலிக்காது. வார்ஃபோர்ஜ்டைப் பழுதுபார்க்கும் மந்திரங்கள் மட்டும் வேலை செய்யும். ஒவ்வொரு ஹிட் பாயிண்டுக்கும் (உயிர்ப் புள்ளி) பார்ட்டி, அதாவது ஆட்டக்காரர் குழு, கணக்குப் பார்க்கும். வார்ஃபோர்ஜ்ட் ஏன் அங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதும் யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

புதுடிஎம்:
அந்த வண்டியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வார்ஃபோர்ஜ்ட் ஆட்டக்காரருக்கு என்ன சொல்ல? "உனக்கு நினைவில்லை" என்று சொன்னால் ஏமாற்றுவது போல இருக்காதா?

இருபதுமுகம்:
நினைவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ரொம்பத் தேய்ந்த வழி. எல்லாம் நினைவிருக்கட்டும், ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தது மட்டும். அவர் படை எல்லையைத் தாண்டி பிரெலாண்ட் பக்கம் வந்துகொண்டிருந்தது, அவர் முன்வரிசை. பின்னாலிருந்து கேப்டன் ஒரு கட்டளை கொடுத்தார், அது பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் மூடுபனி. அந்தக் கட்டளையின் முதல் பாதி என்ன என்று ஆட்டக்காரரையே எழுதச் சொல்லுங்கள். மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கட்டும்.

வயதையும் கவனியுங்கள். சுயபுத்தி உள்ள முதல் வார்ஃபோர்ஜ்ட் 965-இல்தான் வந்தது. ஆட்டம் 998-இல் தொடங்கினால் எவ்வளவு பழையதானாலும் 33 வயதுதான். "நூறாண்டுப் போர் முழுக்கப் பார்த்தவன்" என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

கோபுரவாசி:
ஆட்களை எழுதுவது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு துண்டுக் காகிதத்திலாவது ஒரு விடையை எழுதி மடித்து வைக்கத்தான் சொல்வேன். இருபதுமுகம் மாதிரி அனுபவம் உள்ளவர் போகிற போக்கில் சமாளிப்பார். புதியவர் பத்தாவது செஷனில் முன்னுக்குப் பின் முரணாக எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வார். தேவைப்பட்டால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

இருபதுமுகம்:
கிழிக்க மனம் வந்தால் சரி. எழுதியதைக் கிழித்த டிஎம்மை நான் பார்த்ததில்லை.

மின்னல்ரயில்:
இரண்டு பேரும் சண்டையைத் தொடருங்கள். புதுடிஎம், உங்களுக்கு இப்போது தேவை முதல் செஷன்.

ஷார்னில் டாவிக்ஸ் லேண்டிங்கின் கீழ்ப்பகுதியில் ஹை வால்ஸ் என்று ஒரு பேட்டை. சையர் அகதிகளை அங்கேதான் அடைத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வார்ஃபோர்ஜ்டை அங்கே குடியமர்த்துங்கள். சையரின் தலைநகர் மெட்ரோலில் கடை வைத்திருந்த ஒரு கிழவர் வேலை கொடுக்கிறார்: கடைக் கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து வர வேண்டும். முன்பணமாகத் தன்னிடம் இருக்கிற சாவரின் நாணயங்களை எல்லாம் கொட்டுகிறார், எல்லாம் வெள்ளிதான், கலிஃபார் என்ற தங்க நாணயம் ஒன்றுகூட இல்லை. அன்று மாலையே மெரிக்ஸின் ஆள் வந்து அதே புத்தகத்துக்குத் தங்கமாகவே தருகிறேன் என்கிறார். ஏன் என்று சொல்லமாட்டார்.

பயணத்துக்கு லைட்னிங் ரயில் என்ற மந்திர ரயில். ஷார்னிலிருந்து ஸ்டாரிலாஸ்கர் வழியாக, மோர்ன்லேண்டுக்கு அருகே உள்ள வாதிரண்ட் வரை ஏற்றி விடுங்கள். முன்பு பாதை சையருக்குள்ளும் போனது, இப்போது இல்லை. முதல் செஷனுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது. ரயில் கிளம்பும் முன் பார்ட்டி யாருடைய பணத்தை வாங்கியது என்று குறித்து வையுங்கள், இரண்டு பேரிடமும் வாங்கியிருப்பார்கள்.

புதுடிஎம்:
கண்டிப்பாக இரண்டு பேரிடமும் வாங்குவார்கள், எனக்கு என் ஆட்களைத் தெரியும். கணக்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதையாவது நான் முடிவு செய்யலாமா?

மின்னல்ரயில்:
அதைச் செய்துதான் ஆக வேண்டும். துக்க நாளுக்கு முந்தைய வாரத்தில் கேனித் அந்தக் கடையில் கடனுக்கு வாங்கிய சாமான் பட்டியல் என்று வையுங்கள். பட்டியலில் டிராகன்ஷார்ட் (மந்திரப் பொருள் செய்யப் பயன்படும் படிகம்) நிறைய இருக்கட்டும், கூடவே சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பொருள், இருநூறு போர்வை மாதிரி. போர்வை எதற்கு என்று கோபுரவாசி ஒரு பதில் சொல்வார், இருபதுமுகம் வேறு சொல்வார். உங்கள் மேசையிலும் அதுதான் நடக்கும்.