தாயாஜியின் டிக்கெட்

1982இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியான ஏஷியாட் பற்றி இங்கே நினைவுகளை எழுதியவர்கள் எல்லோரும் அதன் சின்னமான அப்பு யானையையும் அப்போது வந்த கலர் டிவியையும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு தலைப்பாகைத் துணி.

அப்பாவுக்கு டெல்லியில் மத்திய அரசு வேலை. குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீடு சர்தார்ஜி குடும்பம். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அவருடைய அண்ணன் ஜலந்தரிலிருந்து வருவதாக இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் அவரைத் தாயாஜி (பஞ்சாபியில் பெரியப்பா) என்றுதான் கூப்பிடுவோம். தொடக்க விழாவுக்கு அவருக்கென்று ஒரு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். அன்று காலைவரை அவர் வந்து சேரவில்லை. டிக்கெட்டை வீணாக்க வேண்டாம் என்று பன்னிரண்டு வயதுப் பையனான என்னை அழைத்துப் போனார் சர்தார்ஜி.

நவம்பர் 19, ஜவாஹர்லால் நேரு மைதானம். அன்று இந்திரா காந்தியின் 65ஆவது பிறந்தநாள். போட்டியைத் தொடங்கி வைத்தவர் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங். ஆனால் எங்கள் வரிசையில் எல்லோரும் எழுந்து நின்று தேடியது பிரதமரைத்தான். சர்தார்ஜி என்னைத் தூக்கிக் காட்டினார். வெகு தொலைவில் எள்ளளவாக ஓர் உருவம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

மறுநாள் மாலைதான் தாயாஜி வந்தார். போட்டி நாட்களில் டெல்லியில் போராடுவோம் என்று சீக்கியர்களின் கட்சியான அகாலி தளம் அறிவித்திருந்தது. அதைத் தடுப்பதற்காக, பஞ்சாபிலிருந்து ஹரியானா வழியாக வந்த சீக்கியர்களைப் போலீசார் நிறுத்திச் சோதித்தார்கள். ராணுவத்தில் பெரிய பதவி வகித்தவர்கள்கூடத் தப்பவில்லை. தாயாஜியைப் பஸ்ஸிலிருந்து இறக்கித் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, நெய்யும் கோதுமை மாவும் சேர்த்துப் பிடித்த பின்னி உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தத் தூளைத்தான் ஆளுக்கொரு கை அள்ளித் தின்றோம்.

1951இல் முதல் ஆசிய விளையாட்டும் இதே டெல்லியில்தான் நடந்தது. விளையாட்டை விளையாட்டின் உணர்வோடு ஆடுங்கள் என்று நேரு அப்போது செய்தி கொடுத்திருந்தார். அவருடைய பெயரிட்ட மைதானத்தில், ஒரு சீக்கியர் குடியரசுத் தலைவராக நின்று தொடங்கி வைத்த விழாவுக்கு வரும் வழியில்தான் இதெல்லாம் நடந்தது. அதை இன்றுவரை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

ஹாக்கி இறுதிப் போட்டிவரை இருப்பதாக வந்தவர் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார். பாகிஸ்தானிடம் 7-1 என்று நாம் தோற்ற அந்த ஆட்டத்தை எங்கே உட்கார்ந்து பார்த்தாரோ.

கிளம்பும் அன்று காலை வராந்தாவில் என்னைக் கூப்பிட்டு, நீலத் துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். ஐந்தாறு மீட்டர் இருக்கும். இழுத்துப் பிடி என்றார். மறுமுனையிலிருந்து மடித்துக்கொண்டே என்னிடம் நடந்து வந்தார். உன் இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது, தாயாஜி என்றேன்.