மொட்டை மாடியில் சிரட்டைக்கரி அடுப்பு: தரை வெடிக்குது, தீ எகிறுது, மழைக்கு எங்கே நகர்த்துறது?

திங்கள்சந்தை மாடிவீடு (கேள்வி)
மொட்டை மாடியில் மீனும் கோழியும் சுட, டிரம்மைப் பாதியாக வெட்டி அடுப்பாக்கியிருக்கோம். கால் உயரம் ஒரு அடிதான். முழுக்கச் சிரட்டைக்கரி (கொட்டாங்குச்சிக் கரி). நாலு சந்தேகம்:
அடுப்புக்கு அடியில் சிமெண்ட் தரை இரண்டு இடத்தில் வெடிச்சு சில்லு தெறிச்சது, ஏன்?
கோழியிலிருந்து எண்ணெய் சொட்டினா ஒரு அடி உயரத்துக்குத் தீ எழும்புது. தண்ணி தெளிச்சா இன்னும் கூடுது.
மழை வந்தா மாடிப்படிக்கு மேலே உள்ள ஷீட் கொட்டகைக்குள் நகர்த்தலாமா? மூணு பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு.
மறுநாள் காலையிலும் சாம்பல் சுடுது. எங்கே கொட்டுறது?

தக்கலை வெல்டிங்
முதல்ல மூணாவது கேள்வி, அண்ணாச்சி. நகர்த்தவே கூடாது. மூணு பக்கம் சுவரும் மேலே ஷீட்டும் இருந்தா அதுவும் ஒரு அறைதான். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு வரும். அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிரட்டைக்கரியில் புகை குறைவுங்கிறதால கண் எரியாது, இருமல் வராது, அதனாலேயே யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. தீ அணைஞ்சு கரி செவந்து கிடக்கும்போதும் அந்த வாயு வந்துகிட்டேதான் இருக்கும். காற்று எதிர்த்து அடிச்சா படிக்கட்டு வழியா வீட்டுக்குள்ளேயும் இறங்கும். யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தா உடனே வெட்டவெளிக்குக் கூட்டிட்டு வந்து 108-க்குக் கூப்பிடுங்க.

மழைக்கு வழி: மிச்சமிருக்கிற பாதி டிரம்மைக் கைப்பிடி வச்சு மூடியாக்குங்க. தூறல் விழுந்தா மூடி, காற்றுத் துளைகளையும் அடைச்சு, அடுப்பை இருந்த இடத்திலேயே விட்டுடுங்க. சமையலை அன்னிக்கு உள்ளே கேஸ் அடுப்பில் முடிச்சுக்கலாம்.

நாகர்கோவில் கட்டுமானம்
தரை வெடிச்சதுக்குக் காரணம் ஈரம். கான்கிரீட்டுக்குள் எப்பவும் கொஞ்சம் நீர் இருக்கும். மேல்பரப்பு வேகமாச் சூடாகும்போது அது நீராவியாகி, வெளியேற வழியில்லாம மேல்தோலைப் பிய்த்துத் தெறிக்கும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ரெண்டு மழைக்காலமும் உண்டு, மாடித் தரை முழுசாக் காயிறதே அபூர்வம். ஒரு அடிக் கால் ரொம்பக் குறைவு. இரண்டரை அடிக்கு உயர்த்துங்க. அடியில் ஒரு இரும்புத் தகடு, அதன் மேல் 2 அங்குலம் காய்ந்த மணல், மேலே செங்கல் பரப்பு. செங்கலும் நல்லாக் காய்ந்ததா இருக்கணும். தண்ணீரில் கிடந்த கல்லோ ஆற்றுக் கல்லோ வைக்காதீங்க, அதுவும் இதே மாதிரி வெடிக்கும்.

தரையில் தார் ஷீட்டோ வாட்டர்ப்ரூஃப் பூச்சோ இருக்கா?

திங்கள்சந்தை மாடிவீடு
இருக்கு. போன வருஷம் வெள்ளைப் பூச்சு அடிச்சோம்.

நாகர்கோவில் கட்டுமானம்
அப்படின்னா தகடும் மணலும் கட்டாயம். அடுப்பின் நாலு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீளணும், ஏன்னா கங்கு தெறிச்சு விழுறது அடுப்புக்கு நேர் கீழே இல்லை, ஓரத்தில்தான்.

குளச்சல் மீன்சூடு
தீ எகிறுறதுக்குத் தண்ணி மருந்தில்லை. எரியிற எண்ணெயில் தண்ணி பட்டதும் சட்டுன்னு ஆவியாகி, எண்ணெயைத் துளித்துளியாச் சிதறடிக்கும். அந்தத் துளிகள்தான் தீயைப் பெருசாக்கும். மூடியைப் போட்டு, காற்றுத் துளையை அடைங்க. மூடி எட்டலைன்னா ஒரு கை கல்லுப்பு போடலாம். மாவு மட்டும் வேண்டாம், அது தானே பத்திக்கும்.

ஆனா தீ எழும்பாம பண்றதுதான் கெட்டிக்காரத்தனம். கரியை அடுப்பு முழுக்கப் பரப்பாதீங்க. பாதியில் மட்டும் ரெண்டு அங்குலக் கனத்துக்குப் போட்டு, மறுபாதியைக் காலியா விடுங்க. கம்பிவலை கரியிலிருந்து 5, 6 அங்குல உயரத்தில் இருக்கட்டும். தீ எழும்பினா இறைச்சியைக் காலிப் பக்கம் தள்ளினாப் போதும். கோழியைத் தோல் நீக்கி, அதிகப்படி மசாலாவை வழிச்சுட்டு வைங்க. வலையில் வச்ச பிறகு மேலே தேங்காய் எண்ணெய் தடவுறதுதான் பெரும்பாலான தீக்குக் காரணம். வலையில் போடும் முன்னே மெல்லிசாத் தடவிடுங்க. அயிலை (கானாங்கெளுத்தி), சாளை (மத்தி) மாதிரி நெய் உள்ள மீனை வாழையிலையில் பொதிஞ்சு வச்சா சொட்டவே சொட்டாது.

இன்னொண்ணு, சூரையும் அயிலையும் வாங்கினதிலிருந்து சுடுற வரை ஐஸில் இருக்கணும். வெயிலில் கிடந்தா அதில் ஹிஸ்டமின்ங்கிற நச்சுப்பொருள் உண்டாகும், எவ்வளவு சுட்டாலும் அது போகாது. சாப்பிட்டவங்களுக்கு முகம் செவந்து உடம்பு தடிக்கும்.

தக்கலை வெல்டிங்
வலையைப் பற்றி யாரும் கேட்கலை. அது கோழிக்கூட்டுக்கு வாங்குற பளபளப்பான கம்பிவலையா? அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும். ஊதுகாற்றில் சிரட்டைக்கரி உக்கிரமாச் சிவக்கும்போது பூச்சு ஆவியாகி, மூச்சில் போனா சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். பூச்சில்லாத இரும்புக் கம்பி, இல்லைன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க. டிரம்மில் முன்னாடி பூச்சிமருந்தோ ஆசிடோ இருந்திருந்தா அதில் சமைக்கவே வேண்டாம். சமையல் எண்ணெய் டிரம்மா இருந்தாலும் உள்ளே வெளியே இருக்கிற பெயிண்ட் எரிஞ்சு போக, சாப்பாடு வைக்காம ஒரு மணி நேரம் நல்ல தணலில் வெறுமனே எரியவிடணும்.

வலையைத் தேய்க்கக் கம்பி பிரஷ் வேண்டாம். உதிர்ந்த கம்பி மீனில் ஒட்டித் தொண்டைக்குப் போகும். ஈரக் கதம்பை (தேங்காய் மட்டை நார்) போதும், நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?

திங்கள்சந்தை மாடிவீடு
வலை பளபளப்புதான், மாத்திடுறேன். கரி பத்தவைக்க மண்ணெண்ணெய் ஊத்துறோம். நேரமாகுதுன்னா கொஞ்சம் பெட்ரோலும். தப்பா?

குளச்சல் மீன்சூடு
பெட்ரோல் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. அதோட ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவிப் போய் நாலடி தள்ளியும் பத்திக்கும். கங்கு மேல் எந்த எண்ணெய் ஊத்தினாலும் தீ அந்தத் தாரையிலேயே ஏறிக் கையில் இருக்கிற பாட்டிலுக்கு வரும். சானிடைசரும் அப்படியே, பகல் வெளிச்சத்தில் அதோட தீ கண்ணுக்கே தெரியாது.

6 அங்குல விட்டம், ஒரு அடி உயரம் உள்ள கறுப்பு இரும்புக் குழாய் வாங்குங்க, துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய் இல்லை. அடியிலிருந்து 3 அங்குலத்தில் குறுக்கே கம்பி பற்றவச்சு, அதுக்குக் கீழே சுத்திலும் துளை போடச் சொல்லுங்க. மேலே கரி, கீழே ரெண்டு தாள் காகிதம், ஒரு தீக்குச்சி. 20 நிமிஷத்தில் மேல்கரியிலும் வெள்ளைச் சாம்பல் படியும். அப்புறம் தோல் கையுறை போட்டு அடுப்பில் கவிழ்க்கலாம். கரியாக்காத சிரட்டையையும் ஓலைச் சூட்டையும் (ஓலைப் பந்தம்) மாடியில் எரிக்காதீங்க. ஓலைப் பொறி ரொம்ப தூரம் பறக்கும்.

குலசேகரம் மலையோரம்
பொறின்னதும் காற்றையும் சொல்லணும். கடலோரத்தில் சாயங்காலம் கடலிலிருந்து அடிக்கிற காற்று, ராத்திரி கரையிலிருந்து திரும்பி அடிக்கும். நாலு மணிக்குப் பார்த்து வச்ச திசை ஒன்பது மணிக்கு இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று எப்படின்னு அந்தக் காற்றாலைகளே சொல்லும், அந்த நாட்களில் திறந்த கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மலையோரத்தில் ரப்பர் இலை உதிர்ந்து சருகாக் கிடக்கிற டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சாம்பலைத் தோட்டத்தில் வீசாதீங்க.

சாம்பல் வெளியே ஆறினாலும் உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். காற்று வரும் பக்கம் நின்னு, மெல்லத் தண்ணி ஊத்தி, கரண்டியால் கிளறி, மறுபடி ஊத்துங்க. மூடி உள்ள இரும்பு வாளியில் ரெண்டு நாள் வச்சு, கைக்குச் சில்லுன்னு ஆன பிறகு தென்னை மூட்டில் போடலாம். பிளாஸ்டிக் வாளி, குப்பைப் பை ரெண்டும் கூடாது.

ஆசாரிப்பள்ளம் நர்ஸ்
சுட்டுக்கிட்டா 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர் ஓடவிடுங்க. ஐஸ், பேஸ்ட், மை, எண்ணெய் எதுவும் வேண்டாம். வீக்கம் வரும் முன்னே மோதிரம், வளையல் கழட்டணும். உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தாலும், முகம், மூட்டு, குழந்தைங்கன்னாலும் ஆஸ்பத்திரிதான். சுடுறவங்க பாலியஸ்டர் நைட்டி, தொங்குற சால் போடாதீங்க. கைலின்னா மடிச்சுக் கட்டுங்க. குழந்தைகளுக்கு அடுப்பைச் சுத்தி மூணடிக்கு ஒரு கோடு போட்டுக் காட்டுங்க.

திங்கள்சந்தை மாடிவீடு
காலை உயர்த்தி, தகடு போட்டு, வலையை மாத்தி, மாடியின் வடக்கு மூலையில் வைக்கிறேன். அங்கே தண்ணீர் டேங்க் இருக்கு, அவசரத்துக்குத் தண்ணியும் கிட்டே.

நாகர்கோவில் கட்டுமானம்
அந்த மூலை வேண்டாம் அண்ணாச்சி. டேங்க் பிளாஸ்டிக், குழாய் பி.வி.சி., ரெண்டும் சூட்டில் இளகும். அடுப்பை அதிலிருந்து 10 அடி தள்ளி வைங்க. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கரண்ட் ஒயரும் தலைக்கு மேலே இருக்கக் கூடாது. டேங்கிலிருந்து ஒரு ஹோஸ் போட்டு, வால்வைத் திறந்து தண்ணி வருதான்னு பார்த்த பிறகு கரியைப் பத்தவைங்க.